பன்னிரண்டாம் எண்

ஓடைக்கரையில் எண்ணிக்கை முடிந்து நூறடிகூட ஏறியிருக்க மாட்டாள் வசந்தாமணி, அதற்குள் அந்தச் சந்தேகம் வந்து காலைக் கட்டிக்கொண்டது. பதினொன்று அவளுடைய எண். அதை அவள்தான் சொன்னாள், அதிலே மாற்றமில்லை. பன்னிரண்டைச் சொன்னது யார்? யாரோ சொன்னது நிச்சயம், ஏனென்றால் அதற்கப்புறம் பதின்மூன்று வந்தது, பதினான்கு வந்தது, கடைசியில் சுதாகரன் இருபத்து மூன்று என்றதும் தண்டபாணி சார் "சரி, போலாங்க" என்று விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். எண்ணிக்கையில் குறைவில்லை. குறைவில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு எதற்கு இந்தக் குடைச்சல் என்று தன்னையே திட்டிக்கொண்டு கோலை ஊன்றி அடுத்த கல்லில் கால் வைத்தாள். அறுபத்திரண்டு வயதில் கூகைமலையில் ஏறுகிறவளுக்கு மூச்சைப் பார்ப்பதா, காலைப் பார்ப்பதா, காலில் ஏறுகிற அட்டையைப் பார்ப்பதா, இதில் நம்பர் வேறு. ஆனால் இந்த கிளப்பில் நம்பர்தான் எல்லாம். கோயமுத்தூரிலிருந்து மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பி, விடிய ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுகிற கூட்டம். வழியில் எங்கே நின்றாலும் தண்டபாணி சார் விசிலடிப்பார், அவரவர் நம்பரை அவரவர் உரக்கச் சொல்ல வேண்டும், வரிசை அறுந்தால் ஆள் குறைகிறது என்று அர்த்தம். முப்பத்து நாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்த மனுஷன், தலையை எண்ணுவதை நம்பமாட்டார். தலை மரத்துக்குப் பின்னால் நிற்கும், குனிந்து லேஸ் கட்டும், வாய்தான் சரி என்பார். அப்படி வாயை நம்பி ஒன்பது வருஷமாக ஒருத்தரும் தொலைந்ததில்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி செக்போஸ்ட்டில் முதல் எண்ணிக்கை எடுத்தபோது நடந்தது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பதினொன்று என்றாள். உடனே பக்கத்திலிருந்து ஒரு புதுக் குரல், கரகரவென்று, ஊருக்குப் புதுசாக வந்தவன் வழி கேட்பது மாதிரி தயங்கித் தயங்கி, "பன்னெண்டு" என்றது. வயிற்றுக்குள் எதுவோ சுருட்டி இழுத்தது அவளுக்கு. திரும்பிப் பார்த்தாள். ஒல்லியான ஆள், முப்பத்தெட்டு நாற்பது இருக்கலாம், புது கேன்வாஸ் ஷூ, நீலத் தொப்பி. ஐசக் என்று பேர், ஏதோ பம்ப் கம்பெனியில் டிராயிங் போடுகிறாராம். நம்பரைக் கொடுத்ததே அவள் சம்மதத்தோடுதான். தண்டபாணி சார் போன வாரம் போனில் கேட்டார், "பன்னெண்டை அப்படியே விட்டுரலாமாங்க்கா?" என்று. இவள்தான், "ஒரு நம்பரைப் போய் எதுக்குங்க சார் சும்மா வெக்கணும், யாருக்காச்சும் குடுத்துருங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பை அணைக்க மறந்து பாலைப் பொங்கவிட்டாள். அது கிடக்கட்டும். காலையில் அந்தக் குரலுக்கு வயிறு இழுத்தது, அதுதான் விஷயம். ஓடைக்கரையில் வயிறு இழுக்கவில்லை. பன்னிரண்டு காதில் விழுந்தது, ஆனால் வலிக்காமல் விழுந்தது. பழகின செருப்பில் கால் நுழைவது மாதிரி நுழைந்துவிட்டது. அப்படியானால் அது அந்த ஆளின் குரல் இல்லை. அப்படியானால் அது யாருடைய குரல் என்று கேட்டுக்கொண்டே அவள் சோலைக்காட்டை விட்டு வெளியே வந்தாள், கேட்டுக்கொண்டாளே தவிர பதிலுக்கு நிற்கவில்லை.

வெளியே புல்வெளி. புல்வெளி என்று பேர்தான், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, மஞ்சு மூட்டமாக இறங்கிவிட்டது. முன்னால் போகிறவர்களின் கோல் கல்லில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் வீட்டுக்காரர் குப்புராஜுக்கு இந்தச் சத்தமெல்லாம் கேட்காது. முப்பத்தோரு வருஷம் மில்லில் ஸ்பின்னிங் செக்ஷன், இடது காது சுத்தமாகப் போச்சு, வலது காதில் எதிரே நின்று பேசினால் பாதி ஏறும். அதனால்தான் கிளப்பில் சேர்ந்த முதல் நாளே அவருக்கும் சேர்த்து அவளே சொன்னாள், "பதினொண்ணு பன்னெண்டு" என்று ஒரே மூச்சில். தபாலாபீஸ் கவுண்டரில் கம்பிக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்திப் பழகின தொண்டை, மலையே அதிரும். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது, பதினொண்ணுபன்னெண்டு, ஒரே வார்த்தை. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு சிரித்தமாதிரி வாயை வைத்துக்கொள்வார். வாயை வைத்துக்கொள்வாரா, சொல்ல வாயைத் திறப்பாரா? ஒரே ஒரு தடவை, இதே மலையில்தான், அவள் முழங்கையைப் பிடித்து, "இன்னைக்கு நாஞ் சொல்றேன் அம்மிணி" என்றார். சரிங்க என்றாள். விசில் அடித்ததும் வாய் சும்மா இருக்கவில்லை, பதினொண்ணுபன்னெண்டு. அவர் குனிந்து சாக்ஸில் உப்பைத் தூவிக்கொண்டார். அட்டைக்கு உப்புத் தூவுவதில் அவ்வளவு மும்முரம். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. அவர் போய்விட்ட இந்த எட்டு மாதமாக அது வேடிக்கையாக இல்லை.

சரி, எதற்கு மனசைப் போட்டு அலட்ட வேண்டும், கேட்டுவிட்டால் தீர்ந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்தது பதின்மூன்று, ரேவதி, பல் டாக்டர். "ரேவதி, அந்தப் பன்னெண்டு முன்னால போனாரா, பாத்தியா?" என்று குரல் கொடுத்தாள். மஞ்சுக்குள்ளிருந்து பதில் வந்தது. "போயிருப்பாருங்க ஆன்ட்டி. கவுன்ட் கரெக்டா வந்துச்சே." அதானே. கவுன்ட் கரெக்டாக வந்ததே. ஒரு இருபது எட்டு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு சுகமாக நடந்தாள். இருபத்தோராவது எட்டில், கவுன்ட் கரெக்டாக வந்தது என்பதுதானே பிரச்னையே என்று தோன்றியது. தான் சொல்லியிருந்தால் கவுன்ட் கரெக்டாகத்தான் வரும். தான் சொல்லியிருந்தால், அந்த ஆள் கீழே சோலைக்குள்ளேயே நின்றிருந்தாலும் கவுன்ட் கரெக்டாகத்தான் வரும். கடைசியில் வரவேண்டியவன் சுதாகரன், அவன் கால் சுளுக்கின ஒருத்தரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கடைசி இடத்தை விட்டு, ஓடைக்கு முன்கூட்டியே வந்து சேர்ந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் யாராவது இருந்தார்களா? இருந்தால் எண்ணிக்கையில் தெரிந்துவிடும் என்று அவன் நினைத்திருப்பான். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வாயைத்தானே நம்புகிற கூட்டம் இது. தண்டபாணி சாரிடம் சொல்லிவிடலாம். என்னவென்று சொல்வது? சார், செத்துப்போனவர் நம்பரை நான் சொல்லிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது என்றா? அவர் வாய்திறந்து ஒன்றும் சொல்லமாட்டார். ராத்திரிக்குள் ஓசூருக்கு ஒரு போன் போகும். மகன் அருள் ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறான், "சார், அம்மாவைக் கொஞ்சம் பாத்துக்குங்க, மறதி ஜாஸ்தியாயிட்டிருக்குது" என்று. மறதியாம். இரண்டு தடவை கேஸை அணைக்காமல் விட்டதற்கு மறதி. வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே வந்துவிடச் சொல்கிறான், ஏழாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு ஏழாவது மாடி. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருப்பது. மாதத்தில் மற்ற நாட்களில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை, நம்பர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை. இதையும் பிடுங்கிவிடுவார்கள். அதனால் சொல்லவில்லை, அதுதான் உண்மை, அதை அவள் தனக்கே ஒளித்துப் பார்த்தாள், முடியவில்லை.

அந்த ஆள் முன்னால்தான் போயிருப்பார். புதுசாக வருகிறவர்கள் எப்போதும் முன்னால்தான் ஓடுவார்கள், பாதி வழியில் மூச்சு முட்டிப் பின்னால் வருவார்கள். இல்லை, இவர் அப்படியில்லை. தேயிலைத் தோட்டத்தில் நடக்கும்போதே பின்தங்கிப் பின்தங்கி வந்தார், புது ஷூ கடிக்கிறது போல. யாரும் அவரோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. பேசியிருக்கலாம். ஏனுங்க, எந்த ஊருங்க, சாப்பாடு என்ன கொண்டுவந்தீங்க என்று ரெண்டு வார்த்தை கேட்பதில் என்ன குறைந்துவிடும்? தன் நம்பரை வாங்கிக்கொண்டவன் என்று உள்ளுக்குள் ஒரு கோபம். தன் நம்பர்கூட இல்லை. சோலைக்குள் நுழைந்த இடத்தில் யானை லத்தி கிடந்தது, சூடு ஆறாத லத்தி. கூட வந்த ஃபாரஸ்ட் வாட்ச்சர் மாரன் குனிந்து பார்த்துவிட்டு, "இங்க நிக்க வேண்டாமுங்க, பேசாம நடங்க" என்றார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்கள். அந்த இடத்தில்தான் நீலத் தொப்பியைக் கடைசியாகப் பார்த்தாளா? ஒரு காலைத் தூக்கிக் கல்மேல் வைத்திருந்தாரே, அது அங்கேயா, அதற்கு முன்னாலா? இப்போது சோலையை நினைத்தால் இருட்டும் சொட்டுகிற தண்ணீரும் அந்த லத்தியும் மட்டும் வருகிறது, தொப்பி ஒரு தடவை வருகிறது, ஒரு தடவை வரமாட்டேன் என்கிறது. மஞ்சு இன்னும் கெட்டியாகிவிட்டது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். முக்கால் மணி நேரத்தில் ஒரு மனுஷனுக்கு என்னென்னவோ ஆகலாம். மூன்று நாளில் ஆகாதா என்று யாரோ கேட்டமாதிரி இருந்தது, கேட்டது அவளேதான்.

மூன்று நாள். டாக்டர் வீட்டில் கூட்டமில்லாத மத்தியானம். குப்புராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், இவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். டாக்டர், "என்னங்க பண்ணுது, எங்க வலிக்குது?" என்று கேட்டார். அவர் வலது காதைத் திருப்பினார். அதற்குள் இவள், "வாயுங்க டாக்டர், நேத்து மொச்சைக்கொட்டை சாப்பிட்டாருங்க, அதான்" என்றாள். அவருடைய வலது கை எழுந்து இடது தோள்பக்கம் போனது. போய்க்கொண்டே இருந்தது. அவளுக்கு அந்தக் கை இப்போது தெளிவாகத் தெரிகிறது, வெள்ளை முடி, வாட்ச் கட்டின தழும்பு, தோளைத் தொட்டதும் அவர் இவளைப் பார்த்தார், அவள் பேசிக்கொண்டிருந்தாள், கை மெதுவாக இறங்கி மடிக்கு வந்துவிட்டது. டாக்டர் வாயுவுக்கு மாத்திரை எழுதினார். கேட்டதற்குத்தானே எழுதுவார். மூன்றாம் நாள் காலையில் பல் விளக்கப் போனவர் வாஷ்பேஸினைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும், நீ இல்லேன்னா அந்த மனுஷன் என்ன பண்ணியிருப்பாரு, எல்லாத்துக்கும் நீதான் வாயா இருந்தே என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஆமாம். வாயாக இருந்தாள். அவர் என்ன சொல்ல வந்தார் என்பது இனி எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. ஒருவேளை ஒன்றுமே சொல்ல வந்திருக்க மாட்டார், தோளில் அரித்திருக்கும், சொறிய நினைத்திருப்பார். இப்படித்தான் எட்டு மாதமாக ஒரு நாளைக்கு அரிப்பு, ஒரு நாளைக்கு வலி. மலையிலாவது விடுமா என்று வந்தாள்.

அவள் நின்றுவிட்டாள். கால் நின்றது, மனசு இன்னும் ரெண்டு எட்டு முன்னால் போய் திரும்பி வந்தது. பன்னிரண்டைச் சொன்னது தன் வாய்தான். சந்தேகமெல்லாம் சும்மா, அது முதலிலேயே தெரிந்ததுதான், தெரியாத மாதிரி முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறாள். "சார்" என்று கூப்பிட்டாள். தபாலாபீஸில் பழகின தொண்டை, மஞ்சைக் கிழித்துக்கொண்டு போயிற்று. கோல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தண்டபாணி சார் இறங்கி வந்தார், பின்னால் மாரன். "என்னங்க்கா, கால் ஏதாச்சும் புடிச்சுக்கிச்சா?" "இல்லீங்க சார். ஓடைகிட்ட பன்னெண்டை நாஞ் சொல்லீட்டேன்." "எந்தப் பன்னெண்டைங்க்கா?" "அவரு நம்பரைங்க. பழக்கத்துல வந்துருச்சு. அந்தப் புதுத் தம்பி பின்னால நின்னுட்டாரு." தண்டபாணி சார் அவள் முகத்தைப் பார்த்தார். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, முன்னால் திரும்பி, "பன்னெண்டு இருக்காங்களா?" என்று கேட்டார். காற்று மட்டும் அடித்தது. மறுபடி கேட்டார். ரேவதி மெதுவாக, "இல்லீங்க சார்" என்றாள். சுதாகரன் முகத்தில் ரத்தமில்லை. "எல்லாரும் அப்படியே உக்காருங்க, ஒருத்தரும் அசையக் கூடாது. மாரா, வா. நீங்க இருங்க்கா." "நானும் வர்றனுங்க." "வேண்டாங்க்கா, கீழ யானை இருக்குது." "இருக்கட்டுங்க சார். அவரைத் தொலைச்சது நானுங்க." அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

ஏறுகிறபோது பிராணன் போன பாதை இறங்குகிறபோது காலடியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மாரன் முன்னால் போய் அடிக்கடி கையைத் தூக்கி நிறுத்துவார், மூக்கை உயர்த்தி மோப்பம் பிடிப்பார், அப்புறம் வாங்க என்பார். அவளுக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தாள், ஒன்றுக்கும் முழுசாக வேண்டுதல் சொல்ல வரவில்லை. அந்த ஆளுக்குக் கல்யாணமாகிவிட்டதா, வீட்டில் யார் இருக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. தெரியாத ஒருத்தருக்காக என்ன சொல்லி வேண்டுவது? நம்பரைத்தான் சொல்ல வேண்டும். பன்னிரண்டைக் காப்பாத்து என்று வேண்டினாள், வேண்டும்போதே அது யாருக்காக என்று குழப்பம் வந்தது, குழம்பினால் குழம்பட்டும் என்று விட்டாள். சோலைக்குள் இறங்கினார்கள். ஓடைச் சத்தம் கேட்டது. ஓடைக்கரைப் பாறைமேல் நீலத் தொப்பி இருந்தது. பக்கத்தில் ஐசக் உட்கார்ந்து, வாய் பிளந்துகிடந்த ஷூவின் அடிப்பாகத்தை ஒரு துண்டு நூல்கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். வசந்தாமணி அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணும் ஆகலீங்களே?" என்றார் தண்டபாணி சார். "இல்லீங்க சார். ஷூ பிஞ்சு போச்சு. அந்த வளைவுல உக்காந்து அட்டையும் எடுத்துட்டிருந்தேன்." ஐசக் அவளைப் பார்த்தும் அவரைப் பார்த்தும் பேசினார். "விசில் கேட்டதுங்க. எந்திரிச்சு ஓடி வரலாம்னு பாத்தேன். அதுக்குள்ள யாரோ என் நம்பரையும் சேத்துச் சொன்னாங்க. சரி, நான் பின்னால வர்றது அவங்களுக்குத் தெரியுமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அதான் அவசரப்படல. இங்க வந்தா ரெண்டு தடம் பிரியுது. எப்படியும் யாராச்சும் வருவாங்கன்னு உக்காந்துட்டேன்." அப்புறம் குனிந்து கயிற்றை முடிந்தபடி, "நமக்காக ஒருத்தர் சொல்றாங்கன்னதும் தைரியமா இருந்துச்சுங்க" என்றார். வசந்தாமணி, அது உங்களுக்காகச் சொன்னதில்லை தம்பி என்று சொல்ல வாயெடுத்தாள். தண்டபாணி சார் ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொல்லத்தான் வேண்டும், சொன்னாள். "தம்பி, அது எங்க வீட்டுக்காரரு நம்பருங்க. அவருக்காக நாந்தான் சொல்லுவேன். அவரு இல்லீங்க இப்ப. பழக்கத்துல உங்களைக் காட்டுல விட்டுட்டேன்." ஐசக் கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "அப்படீங்களா" என்றார். தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றி நீட்டினார். அவள் வாங்கிக் குடித்தாள், சர்க்கரை இல்லை, ஆறியும் போயிருந்தது.

மறுபடி ஏறி, உட்கார்ந்திருந்தவர்களோடு சேர்ந்து, உச்சிக்குக் கீழே இருக்கிற காத்துமேடு போய்ச் சேர மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. உச்சி வேண்டாம், இங்கேயே சாப்பிட்டுவிட்டு இறங்கலாம் என்று தண்டபாணி சார் முடிவு செய்தார், யாரும் முனகவில்லை. ஓசூருக்குப் போன் போகும், போகட்டும், போனால் தானே சொல்லிக்கொள்ளலாம். விசில் அடித்தது. ஒன்று, ரெண்டு, மூணு என்று வரிசை அவளை நோக்கி வந்தது. அவள் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பத்து. "பதினொண்ணு" என்றாள். அடுத்தது நாக்கில் வந்து ரெடியாக நின்றது. பல்லைக் கடித்தாள். பக்கத்தில் ஐசக் நின்றார், சொல்லவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லுவாள் என்று நினைத்தாரோ, சொல்லட்டும் என்று விட்டாரோ. தண்டபாணி சாரும் கேட்கவில்லை. இருபத்து மூன்று பேரும் காற்றுக்குள் நின்றார்கள். அவள் ஐசக்கையே பார்த்தாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது, உதடு பிரிந்தது, இன்னும் சத்தம் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அப்புறம் அந்தக் கரகரத்த குரல், "பன்னெண்டு" என்றது. வயிறு சுருட்டி இழுத்தது. இவ்வளவு நேரம்தான். ரெண்டு மூச்சு. அன்றைக்கும் ரெண்டு மூச்சு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், குப்புராஜும் சொல்லியிருப்பார்.

"பதிமூணு" என்றாள் ரேவதி.